ஸ்னூபி: வெடிக்கும் விண்மீனின் கொந்தளிப்புக்கு ஒரே ஒரு சுவிட்ச்

மென்பொருளில் ஒரு சுவிட்சை மாற்றிப் போட்டேன், நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்கும் சூப்பர்-கமியோகாண்டே உணரியில் விழும் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றது. எங்கோ தப்பாக டைப் செய்துவிட்டேன் போல என்று திரும்ப ஓட்டினேன், திரும்பவும் அதேதான். அப்புறம் திரவ ஆர்கான் நிரப்பிய இன்னொரு வகை உணரிக்கு ஓட்டினால் அங்கே மட்டும் மாறுகிறது. இந்தக் குழப்பம் தீர எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. தீர்ந்தபோது இந்த மென்பொருள் எதில் கெட்டி, எதில் கையை விரிக்கிறது என்பதும் கூடவே பிடிபட்டது.

பொருளின் பெயர் ஸ்னூபி. பைத்தானில் எழுதிய நூலகம், இலவசம், திறந்த மூலம். உலகத்தில் உள்ள நியூட்ரினோ உணரிகளை எல்லாம் இணைத்து, ஒரே நேரத்தில் பல இடங்களில் நியூட்ரினோ மழை பெய்தால் வானியலாளர்களுக்கு மணி அடிக்கிற 'ஸ்நியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை ஏற்பாடு ஒன்று பல ஆண்டுகளாக ஓடுகிறது. அந்தக் கூட்டத்து ஆட்கள் செய்ததுதான் இது, பெயரிலேயே ஸ்நியூஸும் பைத்தானும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேலை மூன்று கட்டம். விண்மீன் வெடிப்பைக் கணினியில் ஓட்டிப் பார்த்த குழுக்களின் முடிவுகளைக் கோப்பாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே கிளம்பிய நியூட்ரினோக்கள் வெளியே வருவதற்குள் எந்த ரகத்திலிருந்து எந்த ரகத்துக்கு மாறும் என்று கணக்குப் போடுகிறது. கடைசியாக 'ஸ்னோகுளோப்ஸ்' என்ற இன்னொரு கருவியைக் கூப்பிட்டு எந்த உணரியில் எத்தனை விழும் என்று சொல்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு எண் போதும்: 24. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்த விண்மீனிலிருந்து நமக்குக் கிடைத்த நியூட்ரினோக்கள் ஜப்பானின் கமியோகாண்டேயில் 11, அமெரிக்காவின் ஐஎம்பியில் 8, ரஷ்யாவின் பக்ஸானில் 5. கிளம்பியது 1-க்குப் பின் 58 சுழியங்கள் போடும் அளவு, பிடிபட்டது இவ்வளவுதான். அந்த 24ஐ வைத்துக்கொண்டு கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். அடுத்தது நம் பால்வழிக்குள் சுமார் 33,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்தால் 50,000 டன் தண்ணீர் உள்ள சூப்பர்-கமியோகாண்டே ஒன்றிலேயே ஆயிரக்கணக்கில் விழும். நூற்றாண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும் என்பதால், வரும் அன்றைக்கு 'இது என்ன வடிவம்?' என்று விழிக்காமல் இருக்க முன்கூட்டியே எல்லா வடிவத்தையும் ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்னூபி அதற்குத்தான்.

நான் இதை எடுத்ததற்குக் காரணம் குறிப்பானது. எம்.எஸ்சி. படித்த காலத்திலிருந்தே மனதில் கிடக்கும் கேள்வி ஒன்று: விண்மீனுக்குள் ஏற்படும் கொந்தளிப்பு நியூட்ரினோவை என்ன செய்கிறது? ஒளிக்கே வழிவிடாத பொருளை ஊடுருவி வரும் துகள் அது, யாரோடும் ஒட்டாது, உள்ளே சுழல் இருந்தால் அதற்கு என்ன, இல்லாவிட்டால் என்ன? கொஞ்சம் படித்த பிறகுதான் புரிந்தது, கொந்தளிப்பு இரண்டு வெவ்வேறு இடங்களில் கையை வைக்கிறது. முதல் இடத்தில் ஸ்னூபிக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். இரண்டாவது இடத்தில்தான் வம்பு.

முதல் இடம், நியூட்ரினோ பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. பெரிய விண்மீனின் இரும்பு மையம் தன் எடை தாங்காமல் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழுகிறது, அணுக்கரு அடர்த்தியைத் தொட்டதும் விறைத்து எம்பி அதிர்ச்சி அலை ஒன்றை வெளியே தள்ளுகிறது. அந்த அலை அப்படியே போய் விண்மீனை உடைத்துவிடும் என்று நினைத்தால் அதுதான் இல்லை, 150, 200 கிலோமீட்டர் தூரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. மேலிருந்து பொருள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளேயிருந்து வரும் நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அங்கே உறிஞ்சப்பட்டு அடியிலிருந்து சூடேற்றுகிறது. அடியில் சூடு, மேலே மூடி, நடுவில் என்ன ஆகும்? சோற்று உலைதான். கொதித்துக் குமிழ்கள் எழும்பும், கனமானது கீழே இறங்கும், சூடானது மேலே ஏறும், கொந்தளிப்பே ஓர் அழுத்தமாகி மூடியைத் தள்ளும். போதாததற்கு அதிர்ச்சி அலையே முழுதாக இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பிக்கும், சில சமயம் சுழன்றும் ஆடும். 2003இல் பிளாண்டின், மெஸ்ஸகாப்பா, டிமரீனோ மூவரும் இந்த ஆட்டத்தைக் கணினியில் காட்டினார்கள். கோள வடிவம் கலையாமல் ஒற்றைப் பரிமாணத்தில் ஓட்டிய பழைய கணக்குகளில் பெரும்பாலான விண்மீன்கள் வெடிக்கவே மறுத்ததற்கு இந்தக் கொதிப்பு அவற்றில் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம்.

உலைமூடி ஆடினால் உள்ளே விழும் பொருளின் அளவும் ஆடும், அது ஆடினால் வெளியே வரும் நியூட்ரினோவின் பிரகாசமும் ஆடும். இதைக் கண்ணால் பார்க்க ஸ்னூபியைவிட லேசான வழி எனக்குத் தெரிந்து இல்லை. நகஸாத்தோ குழுவின் 2013 மாதிரியை இறக்குங்கள், அது ஒற்றைப் பரிமாணம், 20 விநாடி வரை போகும். வரைந்தால் வழுவழுவென்று ஒரு சரிவு. அடுத்து டம்போரா குழுவின் 2014 மாதிரி, முப்பரிமாணம், சூரியனைப்போல் 27 மடங்கு நிறை. அதே மூன்று வரி நிரலில் மாதிரியின் பெயரை மட்டும் மாற்றி வரையுங்கள். கோடு நடுங்குகிறது! வெறும் இரைச்சல் இல்லை, விநாடிக்கு ஏறக்குறைய 80 தடவை என்று ஒழுங்காக ஏறி இறங்குகிற நடுக்கம். தென்துருவப் பனிக்குள் ஒரு கன கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும் ஐஸ்கியூப், வெடிப்பு பக்கத்தில் நடந்தால் இந்த நடுக்கத்தைப் பிடித்துவிடும் என்று அந்தக் குழு அப்போதே எழுதியிருக்கிறது. எந்தத் திசையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தும் நடுக்கத்தின் அளவு மாறும். ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், வீட்டில் எல்லாரும் என்னவோ ஏதோ என்று நினைத்திருப்பார்கள்.

சரி, இரண்டாவது இடம். பயணப் பாதை.

நியூட்ரினோவில் எலெக்ட்ரான், மியூவான், டாவ் என்று மூன்று ரகம் உண்டு, போகிற வழியில் ரகம் மாறும் என்பது பலருக்குத் தெரியும். அடர்த்தியான பொருளுக்குள் போகும்போது இந்த மாற்றத்தின் விதியே வேறு. 1978இல் வோல்ஃபன்ஸ்டைன் தொடங்கி 1985இல் மிக்கேயேவும் ஸ்மிர்னோவும் முடித்துவைத்த கணக்கு அது. நான் அதைத் தண்டவாளமாக நினைத்துக்கொள்கிறேன். மையத்திலிருந்து வெளியே மூன்று தண்டவாளங்கள் போகின்றன. ஒன்றாம் தடத்தில் பூமிக்கு வந்து சேர்கிறவற்றில் 68 சதவீதம் எலெக்ட்ரான் ரகமாகத் தென்படும், இரண்டாம் தடத்தில் 30, மூன்றாம் தடத்தில் வெறும் 2. மூன்று தடங்களுக்கும் உரிய நிறைகளில் மூன்றாவதே பெரியது என்றால், அதாவது நிறை வரிசை நேராக இருந்தால், உள்ளே பிறந்த எலெக்ட்ரான் நியூட்ரினோ மூன்றாம் தடத்தில் ஏறுகிறது. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிராமை ஒட்டி இறங்கும் இடத்தில் மூன்றாம் தடமும் இரண்டாம் தடமும் ரொம்ப நெருங்கி வரும். அடர்த்தி மெல்ல மெல்லக் குறைந்தால் வண்டி தன் தடத்திலேயே போய்விடும், கடைசியில் நூற்றுக்கு இரண்டுதான் எலெக்ட்ரான் ரகமாகத் தெரியும். ஆனால் வெடிப்பு தொடங்கிச் சில விநாடிகளில் அதிர்ச்சி அலை அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அலையின் முகப்பில் அடர்த்தி திடீரென்று குதிக்கிறது, அந்தக் குதிப்பில் வண்டி பக்கத்துத் தடத்துக்குத் தாவலாம். தாவிவிட்டால் 2 என்பது 30 ஆகிவிடும்.

இப்போது அந்த அலைக்குப் பின்னால் உள்ளதைப் பாருங்கள். உள்ளே கொதித்த கொதிப்பெல்லாம் கலைந்த சுழல்களாக வெளியே வந்துகொண்டிருக்கிறது, பெரிய சுழல் சின்னச் சுழலாக உடைந்து, அது இன்னும் சின்னதாக உடைந்து. நியூட்ரினோ இதற்குள் நேர்கோட்டில் போகிறது, ஆனால் அதன் பாதையில் அடர்த்தி ஏறி இறங்கி ஏறி இறங்கிக் குலுக்குகிறது. இந்தக் குலுக்கல் யாரையும் நிறுத்துவதில்லை, தடம் மாற்றுகிறது. அடிக்கடி குலுக்கினால் முதலில் எந்தத் தடத்தில் ஏறினோம் என்பதே மறந்துபோய்ப் பாதி அங்கே பாதி இங்கே என்று கரைந்துவிடும். நேர் வரிசையில் இரண்டும் மூன்றும் சரிபாதி கலந்தால் 30க்கும் 2க்கும் நடு, அதாவது 16 சதவீதம். மூன்று தடமும் கலந்துவிட்டால் 33.

ஸ்னூபியில் இந்தக் கரைதலுக்கு ஆயத்தமாக இரண்டு தேர்வுகள் இருக்கின்றன, இரு ரகக் குலைவு ஒன்று, மூன்று ரகக் குலைவு ஒன்று. நான் போட்ட சுவிட்ச் முதலாவது. என் குழப்பத்துக்கு விடையும் இங்கேதான். நேர் வரிசையில் எலெக்ட்ரான் நியூட்ரினோவின் எதிர்த்துகளான எலெக்ட்ரான் எதிர்-நியூட்ரினோ ஏறுவது ஒன்றாம் தடத்தில், அது அந்த நெருக்கமான இடத்தில் கலந்துகொள்வதே இல்லை. 68 என்று ஏறினால் 68 என்றே இறங்கும். தண்ணீர்த் தொட்டியான சூப்பர்-கமியோகாண்டே பெரும்பாலும் பார்ப்பது எதிர்-நியூட்ரினோக்களைத்தான், அதனால் அது அசையவில்லை. ஆர்கான் முக்கியமாகப் பார்ப்பது எதிர் இல்லாத நியூட்ரினோவை, அதனால் அங்கே மாறியது. வரிசையைத் தலைகீழாக்கினால் எல்லாம் இடம் மாறும்: எதிர்-நியூட்ரினோ மூன்றாம் தடத்தில் ஏறும், ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே கரைந்து 2 என்பது 35 ஆகும், தண்ணீர்த் தொட்டி பேச ஆரம்பிக்கும், இந்த விஷயத்தில் ஆர்கான் வாயை மூடிக்கொள்ளும்.

இதில் என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரம் ஒரு கோப்பில் வரிசையைத் தலைகீழ் என்று வைத்துவிட்டு மறந்துபோனேன். 'சூப்பர்-கே மாறுதுடா, கண்டுபிடிச்சிட்டேன்' என்று கூடப் படித்த நண்பனுக்கு ராத்திரியிலேயே படம் அனுப்பினேன். காலையில் அவனிடமிருந்து ஒரே வரி: 'டேய், வரிசை என்னன்னு பாத்தியா?' பார்த்திருக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பால்தான் விஷயமே புரிந்தது. எந்த வரிசை உண்மை என்பது இன்னும் முடிவாகாத கேள்வி, சீனாவின் குவாங்டாங்கில் 2025இல் தரவு எடுக்கத் தொடங்கிய ஜூனோ உணரி அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுவரைக்கும் கொந்தளிப்பின் தடத்தைத் தேட தண்ணீரும் வேண்டும், ஆர்கானும் வேண்டும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் டியூன் என்ற ஆர்கான் உணரி வருவதற்காகக் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

வம்பு எங்கே என்றேன் அல்லவா? சுவிட்ச் என்பதே வம்பு. போட்டால் முழுக் கரைதல், போடாவிட்டால் சுத்தமாக இல்லை. உண்மையான கொந்தளிப்பு மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி. அடர்த்தி ஒரு சதவீதம் அளவுக்கு ஏறி இறங்கினால் வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பத்து சதவீதம், அதற்கு மேல் என்று போனால்தான் தடங்கள் கலைகின்றன என்று இந்தத் துறையில் பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். இதில் அதிகம் எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் நெல்லர் ஸ்னூபியை உருவாக்கியவர்களிலும் ஒருவர், ஆகவே தெரியாமல் விட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. குலைவு என்பது ஓர் எல்லைக்கோடு, 'இதைத் தாண்டிப் போகாது' என்று காட்டத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர் அதைக் 'கொந்தளிப்பு உண்டு' என்ற தேர்வாகப் படித்துக்கொண்டு போவார். நானே அப்படித்தான் படித்தேன். அலைவீச்சு எவ்வளவு என்று கேட்க ஒரு கட்டம்கூட அந்தத் தேர்வில் இல்லை.

நேரத்தைக் கேட்க ஒரு கட்டமும் இல்லை. சுவிட்சைப் போட்டால் முதல் மில்லிவிநாடியிலிருந்தே கரைதல் தொடங்கிவிடுகிறது. அதிர்ச்சி அலை அப்போது 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டியிருக்காது, தடங்கள் நெருங்கும் இடமோ பல ஆயிரம் கிலோமீட்டருக்கு வெளியே, அங்கே எல்லாம் அமைதியாக இருக்கும். அலை அங்கே போய்ச் சேரும்போது நியூட்ரினோ வெளிச்சம் வெகுவாக மங்கியிருக்கும். மொத்த வெடிப்புக்கும் ஒரே சுவிட்சைப் போட்டு எண்ணினால், கொந்தளிப்பு எட்டாத பிரகாசமான முதல் விநாடிக்கும் அதன் பெயரில் கணக்கு எழுதியதாகிவிடும்.

இன்னொரு கொடுமை. எந்தக் கோப்பில் கொதிப்பு இருக்கிறதோ, அந்த முப்பரிமாண மாதிரி அரை விநாடி தாண்டியதும் நின்றுவிடுகிறது, அலை வெளியே போவதற்குள் படம் முடிந்துவிடும். எது 20 விநாடி ஓடுகிறதோ அந்த ஒற்றைப் பரிமாண மாதிரியில் கொதிப்பே கிடையாது. பசிக்கிற நேரத்தில் சோறு இல்லை, சோறு வந்தபோது பசி இல்லை. இது ஸ்னூபியின் தப்பு அல்ல, முப்பரிமாணத்தில் ஒரு விநாடியை ஓட்டவே மீக்கணினிகள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் வழுவழுப்பான அடர்த்திக் கோட்டை எடுத்து அதன்மேல், கணித அறிஞர் கொல்மோகோரோவ் 1941இல் சொன்ன விகிதத்தில் பெரிய சுழலுக்கு இவ்வளவு, சின்னச் சுழலுக்கு இவ்வளவு என்று தாங்களே குலுக்கலைத் தூவிப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூவுவது என்பது அவரவர் கை அளவு. 2014இல் போரியெல்லோ, யாங்கா உள்ளிட்டோர் தூவுவதை விட்டுவிட்டு, நுணுக்கமான இருபரிமாண ஓட்டம் ஒன்றில் வெடிப்புக்கு 2 விநாடிக்குப் பின் இருந்த அடர்த்தியை அப்படியே எடுத்து நியூட்ரினோவை அனுப்பினார்கள். கலைதல் இல்லை, அல்லது மிதமாகத்தான் இருந்தது. என் சுவிட்ச் காட்டுகிற முழுக் கரைதலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறுவ ஒரு வரி கட்டளை போதும். மாதிரிக் கோப்புகளைக் கேட்கும்போது தானே இறக்கிக்கொள்கிறது, நான் ஆர்வக்கோளாறில் கண்டதையும் இறக்கி என் பழைய மடிக்கணினியை நிரப்பிவிட்டேன். அலகுகளை எண்ணோடு ஒட்டியே வைத்திருப்பதால் எம்இவி என்ற ஆற்றல் அலகையும் விநாடியையும் குழப்பினால் முகத்தில் அடித்தாற்போல் பிழை சொல்கிறது, ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், பிறகு கும்பிடத் தோன்றும். உதாரண நோட்டுப்புத்தகங்கள் தெளிவு, பைத்தான் கொஞ்சம் தெரிந்த கல்லூரி மாணவர் ஒரு மாலையில் முதல் படத்தை வரைந்துவிடலாம். நியூட்ரினோவே நியூட்ரினோவை மோதி ரகம் மாறும் கூட்டு விளைவு என் கணக்கில் எங்கும் வரவில்லை, அது தனிக் காடு, அதற்குள் நான் போகவில்லை.

தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நம் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இதை ஓட்ட முடியுமா என்று நண்பன் கேட்டான். அந்த வடிவமைப்பு 5.6 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடுகளை அடுக்கி, வளிமண்டலத்தில் பிறக்கும் பலமான நியூட்ரினோக்களைப் பிடிப்பதற்கானது. சூப்பர்நோவா நியூட்ரினோவின் ஆற்றல் சில பத்து எம்இவிதான், தகட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் அடங்கிவிடும். ஆக, இதற்கு அது பொருந்தாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது சுவிட்சுக்காக மட்டும். சமாளிக்க வழி இருக்கிறது, கடினமும் இல்லை: அமைதியான பயணத்துக்கு ஒரு தடவை, முழுக் கரைதலுக்கு ஒரு தடவை என்று இரண்டு பாய்வுகளையும் தனித்தனியாக எடுங்கள். அப்புறம் நீங்களே ஓர் எடை எண் வைத்துக் கலந்துகொள்ளுங்கள், அலை போய்ச் சேரும் வரை அது சுழியம், சேர்ந்த பிறகு மெல்ல ஏறி நீங்கள் நம்புகிற அளவில் நிற்கட்டும். தடம் தாவும் வாய்ப்பு கணக்கில் நேர்விகிதமாகத்தான் நுழைகிறது என்பதால் இந்தக் கலவை ஏமாற்று வேலை இல்லை. ஒன்பது வரியில் எழுதிவிட்டேன். அலை எத்தனையாவது விநாடியில் போய்ச் சேரும் என்பதை 2 என்றும் 3 என்றும் 5 என்றும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் நேர், தலைகீழ் என்று எழுதி வைத்துவிட்டு.